நீரைப் பங்கிட்டு வாழ்ந்த ஓமான்

ஓமான் என்ற பெயரை எம்மில் பலர் அறிந்தது, மஸ்கட்டுக்குத் தொழிலுக்குச் சென்ற உறவினர் மூலமாகத்தான். புவியியல் மாணவி என்ற வகையில் அந்நாட்டைப் பற்றிப் படித்தபோது, அதன் கோட்டைகளையும் எண்ணெய் வளத்தையும் விட, நிலத்தின் கீழே ஓடும் நீரே என்னை அதிகம் வியக்க வைத்தது.

அரேபியத் தீபகற்பத்தின் தென்கிழக்கு மூலையில், சுமார் 309,500 சதுர கிலோமீற்றர் பரப்பில் ஓமான் அமைந்துள்ளது. இது இலங்கையைப் போல் ஏறத்தாழ ஐந்து மடங்கு. மேற்கே ருபுஉல் காலி என்னும் பெரும் மணற்பாலை. வடக்கே ஹஜர் மலைத்தொடர். நாட்டின் பெரும்பகுதிக்கு ஆண்டு மழைவீழ்ச்சி சுமார் 100 மில்லிமீற்றர் மட்டுமே. எமது வறண்ட வலயத்தின் பெரும்பகுதி இதைப் போல் பத்து மடங்குக்கு மேல் பெறுகின்றது! தெற்கே ழுபார் பகுதி மட்டும் விதிவிலக்கு. எமக்கு மழை தரும் அதே தென்மேல் பருவக்காற்று, யூன் முதல் செப்டெம்பர் வரை அங்குள்ள மலைகளைப் பனிமூட்டத்தால் மூடிப் பசுமையாக்குகின்றது. அம்மலைகளுக்கு அப்பாலுள்ள வறண்ட பக்கத்தில்தான், பண்டைய உலகம் பொன்னுக்கு நிகராக மதித்த லுபான் என்னும் வாசனைப் பிசினைத் தரும் மரங்கள் வளர்கின்றன.

ஆண்டு முழுவதும் பாயும் பேராறு ஒன்றும் இல்லாத நாட்டில் மக்கள் எவ்வாறு ஊர் அமைத்து வாழ்ந்தனர்? இதற்கு விடைதான் 'பலஜ்' எனப்படும் நீர்வழி. பங்கு பிரித்தல் என்ற பொருளிலிருந்தே அச்சொல் பிறந்தது என்பர்.

மலையடிவாரத்தில் நிலத்தடி நீர் கிடைக்கும் ஆழம்வரை முதலில் ஒரு கிணறு தோண்டுவர். அதற்குப் பெயர் 'உம்முல் பலஜ்', அதாவது பலஜின் தாய். (எமது 'உம்மா'வும் இந்தச் சொல்தானே!) அங்கிருந்து ஊரை நோக்கி மிக மெல்லிய சரிவுடன் சுரங்கம் வெட்டுவர். காற்று வரவும் மண்ணை வெளியேற்றவும் இடையிடையே துவாரங்கள் உண்டு. இயந்திரம் எதுவுமின்றி, புவியீர்ப்பினால் மட்டுமே நீர் ஊரை வந்தடைகின்றது. குறுக்கே வாதி எனும் வறண்ட ஆற்றுப்படுகை வந்தால், நீரை ஒரு குழியில் இறக்கி, படுகையின் அடியால் கொண்டுசென்று, மறுகரையில் தானாகவே மேலெழச் செய்வர். ஸுலைமான் நபி (அலை) அவர்களின் ஜின்கள் இவற்றைத் தோண்டியதாக அங்கு ஒரு நாட்டுப்புறக் கதை வழங்குகின்றது. மனிதரே தோண்டினர் என்பதுதான் எனக்கு அதைவிடப் பெரிய அதிசயமாகப் படுகின்றது.

நீர் ஊரை அடைந்ததும் ஒழுங்கு தொடங்குகின்றது. வெளிவரும் இடத்தில் குடிப்பதற்கு எவரும் அள்ளலாம். அதற்கு விலையுமில்லை, பங்குமில்லை. அடுத்து வுழூச் செய்யப் பள்ளிவாசலுக்கு. பின்னர் குளிக்கும் இடங்களுக்கு. அதன் பின்னரே பேரீச்சந் தோட்டங்களுக்கும், கடைசியாகப் பருவப் பயிர்களுக்கும். வரட்சிக் காலத்தில் பருவப் பயிரைக் கைவிட்டுப் பேரீச்சையைக் காப்பாற்றுவர்.

தோட்டங்களுக்கான பங்கு கொள்ளளவால் அன்றி நேரத்தால் அளக்கப்படும். 'அதர்' என்ற அலகு ஏறக்குறைய அரை மணித்தியாலம். பகலில் நட்ட கோலின் நிழலையும், இரவில் நட்சத்திரங்களையும் பார்த்து முறை மாற்றினர். இப்போது பெரும்பாலான ஊர்களில் கைக்கடிகாரம் வந்துவிட்டது. எமது கிழக்கு மாகாண வயல்களில் வட்டவிதானை செய்யும் வேலையை அங்கு 'வகீல்' செய்கிறார். சில பங்குகள் பள்ளிவாசலுக்கு வக்பு செய்யப்பட்டவை. வேறு சில பங்குகள் ஏலம் விடப்பட்டு, அந்தப் பணத்தில் சுரங்கம் பழுதுபார்க்கப்படும்.

நபி (ஸல்) அவர்களின் காலத்திலேயே, அம்ர் இப்னுல் ஆஸ் (ரழி) கொண்டுசென்ற கடிதத்தை ஏற்று இஸ்லாத்தைத் தழுவிய மண் இது. அரபிகளுடன் பலூசிகளும், கிழக்காபிரிக்கத் தொடர்பால் சுவாஹிலி பேசுவோரும், தெற்கே அரபியினும் வேறான மெஹ்ரி மொழியினரும் அங்கு வாழ்கின்றனர்.

இன்றும் சுமார் 3,000 பலஜ்கள் இயங்குகின்றன. நிஸ்வா நகரின் தாரிஸ் உட்பட ஐந்தினை யுனெஸ்கோ 2006இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. ஆனால் இயந்திரப் பம்பி பொருத்திய ஆழ்கிணறுகள் பெருகியதால் நிலத்தடி நீர்மட்டம் தாழ்ந்து, பல பலஜ்கள் வற்றிவிட்டன. பம்பி வைத்தவர் எவருடைய முறைக்காகவும் காத்திருக்கத் தேவையில்லை. ஆனால் அவருடைய கிணற்றில் நீர் ஏற ஏற, அயலூரின் தாய்க் கிணறு வற்றிக்கொண்டிருக்கும்.