கோப்புக்காகக் காத்திருத்தல்: ஒத்தியங்கா உள்ளீடு வெளியீடும் பின்னணி இழைகளும்



பணிசெயல் முறைமையின் தொழில்களைக் கற்கும்போது பல்பணி, நினைவக முகாமை, கோப்பு முகாமை ஆகியவற்றைத் தனித்தனியாக மனனம் செய்வோம். ஆனால் ஒரு செய்நிரல் இயங்கும்போது இவை யாவும் ஒன்றாகவே தொழிற்படுகின்றன. பெரிய கோப்பு ஒன்றைத் திறந்தவுடன் திரை உறைந்து, சுட்டியை அழுத்தினாலும் பதில் வராத அனுபவம் உங்களுக்கு இருக்கும். அது ஏன் நிகழ்கிறது, அதைத் தவிர்ப்பது எப்படி என்பதே இப்பாடம்.

1. செய்நிரல் ஏன் காத்திருக்கிறது?

வன்தட்டின் வேகத்தை மத்திய செயற்பாட்டு அலகின் வேகத்துடன் ஒப்பிடுவோம்.

நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் வன்தட்டு ஒன்றைக் கருதுக.
ஒரு செக்கனில் சுழற்சிகள் = 7200 ÷ 60 = 120
ஒரு சுழற்சிக்கான நேரம் = 1 ÷ 120 செக்கன் = ஏறத்தாழ 8.33 மில்லிசெக்கன்
தேவையான தரவு வாசிப்புத் தலையின் கீழ் வரச் சராசரியாக அரைச் சுழற்சி தேவை. அதாவது 1 ÷ 240 செக்கன், ஏறத்தாழ 4.17 மில்லிசெக்கன்.

3 கிகாஹேட்ஸ் வேகமுள்ள செயற்பாட்டு அலகு செக்கனுக்கு 300 கோடி துடிப்புகளைக் கொண்டது. எனவே அந்த அரைச் சுழற்சி நேரத்தில் 300 கோடி ÷ 240 = 1 கோடியே 25 இலட்சம் துடிப்புகள் கடந்துவிடும். தலை சரியான தடத்துக்கு நகரும் நேரம் இதில் சேர்க்கப்படவில்லை. சுழலும் பகுதிகள் அற்ற திண்ம நிலைச் சேமிப்பகங்கள் இதைவிடப் பன்மடங்கு விரைவானவை. எனினும் அவையும் செயற்பாட்டு அலகை விட மெதுவானவையே.

முடிவு: கோப்பை வாசிக்கும் செய்நிரல் பெரும்பாலான நேரத்தைக் கணிப்பதில் அன்றி, காத்திருப்பதிலேயே செலவிடுகிறது.

2. ஒத்தியங்கு முறையும் ஒத்தியங்கா முறையும்

சமைத்துக்கொண்டிருக்கும் அம்மாவுக்குத் தேங்காய் ஒன்று தேவைப்படுகிறது. அவரே கடைக்குப் போனால், வரும்வரை அடுப்படியில் எந்த வேலையும் நடக்காது. இது ஒத்தியங்கு முறை. தம்பியைக் கடைக்கு அனுப்பிவிட்டு அவர் காய்கறி வெட்டத் தொடங்கினால், அது ஒத்தியங்கா முறை. ஆனால் தேங்காய்ப் பால் பிழியும் வேலையைத் தம்பி திரும்பி வந்த பின்னரே தொடங்கலாம்.

இவ்வுதாரணத்திலிருந்து இரண்டு விடயங்களைக் குறித்துக்கொள்க.
அ) தம்பி நடக்கும் வேகம் கூடவில்லை. காத்திருக்கும் நேரம் வேறு வேலைக்குப் பயன்பட்டது, அவ்வளவே.
ஆ) பெறுபேற்றில் தங்கியுள்ள வேலை, பெறுபேறு வரும்வரை நிற்கவே வேண்டும்.

3. இழை என்றால் என்ன?

ஒரு செய்நிரலினுள் கட்டளைகள் ஒன்றன்பின் ஒன்றாக நிறைவேறும் ஓர் ஓட்டமே இழை எனப்படும். ஒரு செய்நிரலில் பல இழைகள் இருக்கலாம். அவை யாவும் அச்செய்நிரலின் நினைவகத்தைப் பொதுவாகப் பயன்படுத்துகின்றன. திரையையும் பயனரையும் கவனிப்பது முதன்மை இழை. கோப்பு வாசித்தல் போன்ற மெதுவான வேலையை ஏற்றுக்கொள்வது பின்னணி இழை. மேற்படி உதாரணத்தில் அம்மா முதன்மை இழை, தம்பி பின்னணி இழை.

4. ஸ்கிரிப்ட் மொழிகளில் இது நடைபெறும் விதம்

ஜாவாஸ்கிரிப்ட்: 1995 இல் இணைய உலாவிக்காக உருவாக்கப்பட்ட மொழி. 2009 இல் அறிமுகமான நோட் ஜேஎஸ், அதனை உலாவிக்கு வெளியேயும் இயக்க வழிசெய்தது. இதில் நாம் எழுதும் கட்டளைகள் பொதுவாக ஒரே இழையில் ஓடுகின்றன. வலையமைப்பு வேலைகளைப் பொறுத்தவரை, “தரவு வந்ததும் அறிவி” எனப் பணிசெயல் முறைமையிடம் கேட்டுவிட்டு அவ்விழை வேறு வேலை பார்க்கலாம். சாதாரண கோப்புகளுக்கு அத்தகைய வசதி எல்லா முறைமைகளிலும் ஒரே சீராக இல்லை. ஆகவே கோப்பு வேலைகள் உள்ளே இருக்கும் இழைக் குழு ஒன்றுக்கு அனுப்பப்படுகின்றன. வழமையாக அக்குழுவில் 4 இழைகள் உண்டு. ஒரே நேரத்தில் 10 கோப்புகளை வாசிக்கக் கேட்டால், 4 வேலைகள் தொடங்கும். 6 வேலைகள் வரிசையில் நிற்கும்.

பைதன்: 1991 இல் வெளிவந்த மொழி. இழைக் குழுவை இலகுவாக அமைக்கும் வசதி 2011 இல் 3.2 ஆம் பதிப்பில் சேர்க்கப்பட்டது. பைதனின் வழமையான வடிவத்தில், ஒரு நேரத்தில் ஓர் இழை மட்டுமே பைதன் கட்டளைகளை நிறைவேற்ற இடமளிக்கும் பொதுப்பூட்டு ஒன்று உண்டு. அப்படியாயின் பல இழைகளால் பயன் என்ன? கோப்புக்காகக் காத்திருக்கும் இழை அப்பூட்டை விட்டுக்கொடுக்கும். அந்நேரத்தில் மற்றோர் இழை ஓடலாம். எனவே காத்திருப்பு மிகுந்த வேலைகளுக்கு இழைகள் பயன்தரும். கணிப்பு மிகுந்த வேலைகளுக்கு அவ்வடிவத்தில் பயன் குறைவு. 2024 இல் வெளியான 3.13 ஆம் பதிப்பில், இப்பூட்டு இல்லாத வடிவம் ஒன்று பரீட்சார்த்தமாக அறிமுகமானது.

5. கவனிக்க வேண்டிய இரு ஆபத்துகள்

ஆபத்து 1: ஒரே தரவை இரு இழைகள் மாற்றுதல்
வருகை எண்ணிக்கை 40 எனக் கோப்பில் உள்ளது. இரு இழைகள் தலா ஒன்றைக் கூட்ட வேண்டும்.
படி 1: இழை அ, 40 ஐ வாசிக்கிறது.
படி 2: இழை ஆ, 40 ஐ வாசிக்கிறது.
படி 3: இழை அ, 41 என எழுதுகிறது.
படி 4: இழை ஆ, 41 என எழுதுகிறது.
கிடைக்க வேண்டியது 42, கிடைத்தது 41. ஒருவரின் வருகை காணாமற் போய்விட்டது. இதற்குப் பரிகாரம் பூட்டு ஆகும். வாசித்தல், கூட்டல், எழுதல் ஆகிய மூன்றும் முடியும்வரை மற்ற இழை காத்திருக்கும்படி செய்ய வேண்டும். எழுதும் படியை மாத்திரம் பூட்டினால் போதாது. ஏனெனில் பிழை தொடங்குவது படி 2 இலாகும்.

ஆபத்து 2: ஒப்படைத்ததை முடிந்தது என எண்ணுதல்
இது எனக்கே நேர்ந்தது. மாதாந்தப் பரீட்சைப் புள்ளிகளைப் பதிய ஒரு சிறு செய்நிரல் எழுதியிருந்தேன். எழுதும் வேலையைப் பின்னணி இழையிடம் கொடுத்த அடுத்த வரியிலேயே “சேமிக்கப்பட்டது” எனத் திரையில் காட்டச் செய்திருந்தேன். செய்தி தோன்றியது, அதே கணத்தில் மின் தடைப்பட்டது. மீண்டும் திறந்தபோது கோப்பில் பாதிப் பெயர்களே இருந்தன. விடைத்தாள்களை மாணவரிடம் ஏற்கெனவே திருப்பிக் கொடுத்திருந்தேன். அடுத்த வகுப்பில் ஒவ்வொருவரிடமும் புள்ளியைக் கேட்டு எழுத வேண்டியதாயிற்று. தாளைத் தொலைத்த பிள்ளை ஒன்று தான் எடுத்த 78 ஐ நிரூபிக்க வழியின்றி நின்றது. அப்பிள்ளையின் சொல்லை நம்பியே பதிந்தேன். தவறு மின்சாரத்தினுடையதன்று, பொய் சொன்ன எனது செய்நிரலினுடையது.

எனவே “முடிந்தது” என்ற அறிவித்தல் பின்னணி இழையிடமிருந்து வந்த பின்னரே வெற்றிச் செய்தியைக் காட்ட வேண்டும். பிழை ஏற்பட்டால் அதனையும் காட்ட வேண்டும். மேலும், எழுதி முடிந்த தரவு கூடச் சிறிது நேரம் பிரதான நினைவகத்திலேயே தங்கியிருக்கலாம். முக்கியமான தரவெனில் அதனைச் சேமிப்பகத்துக்கே தள்ளும் கட்டளையைப் பயன்படுத்துதல் நன்று.

6. மாதிரி வினாக்கள்

வினா 1: கோப்பை வாசிக்க 6 செக்கன், பட்டியைத் திரையில் அமைக்க 2 செக்கன், வாசித்த தரவின் சராசரியைக் கணிக்க 1 செக்கன் தேவை. இரு முறைகளிலும் எடுக்கும் மொத்த நேரம் யாது?
விடை: ஒத்தியங்கு முறை: 6 + 2 + 1 = 9 செக்கன். ஒத்தியங்கா முறை: பட்டி அமைத்தல் வாசிப்புடன் ஒரே காலத்தில் நடைபெறும். ஆகவே 6 + 1 = 7 செக்கன். சராசரி, வாசிப்பில் தங்கியுள்ளதால் அதனை முன்கொண்டுவர முடியாது.

வினா 2: “பின்னணி இழை வன்தட்டின் வேகத்தை அதிகரிக்கிறது.” சரியா, பிழையா? காரணம் தருக.
விடை: பிழை. வன்தட்டின் வேகம் மாறுவதில்லை. காத்திருக்கும் நேரத்தில் வேறு வேலைகள் நடைபெறுகின்றன.

வினா 3: இழைக் குழுவில் 4 இழைகள் உள்ளன. ஒவ்வொன்றும் 3 செக்கன் எடுக்கும் 10 கோப்பு வேலைகள் ஒரே நேரத்தில் வழங்கப்படின், யாவும் முடிய எவ்வளவு நேரம் செல்லும்? சேமிப்பகம் நான்கு வேலைகளையும் தாமதமின்றி ஏற்கும் எனக் கொள்க.
விடை: 4, 4, 2 என மூன்று சுற்றுகள். 3 × 3 = 9 செக்கன்.

நினைவிற் கொள்க: விடை எழுதும்போது “விரைவாக நடைபெறும்” என்று மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். எது காத்திருக்கிறது, அந்நேரத்தில் எது நடைபெறுகிறது, எது எதில் தங்கியுள்ளது ஆகிய மூன்றையும் எழுதுங்கள். செய்நிரல் எழுதும்போதும் இதே மூன்று கேள்விகளையும் உங்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.