வெப்பத்தை வெளியேற்றும் குளிர்சாதனம்

நண்பகல் வெயிலில் நடந்து வீடு திரும்பியதும் பலரின் கை குளிர்சாதனத்தின் பொத்தானைத்தான் தேடும். சில நிமிடங்களில் அறை குளிர்ந்துவிடும். இதனால், குளிர்சாதனம் குளிரை உருவாக்குகிறது என்றே பலர் நினைக்கின்றனர். உண்மையில், அது அறையிலுள்ள வெப்பத்தை எடுத்து வெளியே கொண்டுசேர்க்கிறது.

கையில் கிருமிநாசினியைத் தேய்த்தால் சில்லென்று இருக்கும். அது ஆவியாகும்போது தோலின் வெப்பத்தை எடுத்துக்கொள்வதே அதற்குக் காரணம். குளிர்சாதனத்திலும் இதுவே நடக்கிறது. அதன் செப்புக் குழாய்களில் ஓடும் திரவம் அறையின் வெப்பத்தை உறிஞ்சி வாயுவாக மாறுகிறது. வெளிப்பகுதியில் உள்ள அமுக்கி அந்த வாயுவை அழுத்த, அது மேலும் சூடாகிறது. பிறகு, வெப்பத்தை வெளிக்காற்றில் விட்டு மீண்டும் திரவமாகிறது. குளிர்நாடுகளில் இதே முறையைத் திருப்பிப் பயன்படுத்தி, வெளிக்காற்றின் வெப்பத்தை வீட்டுக்குள் கொண்டுவருகின்றனர். அக்கருவியை ‘ஹீட் பம்ப்’ என்பர்.

வெப்பத்தை வெளியேற்றும் அந்தக் கனமான பகுதி, அடுக்குமாடி வீடுகளில் சுவருக்கு வெளியே இருக்கிறது. சிங்கப்பூரில் அதன்கீழ் சிறுவர்களும் முதியோரும் நாள்தோறும் நடந்து செல்கின்றனர். பொருத்தியவர் செய்த சிறு தவறுகூட ஓர் உயிரைப் பறித்துவிடலாம். ஆகவே, வீவக வீடுகளில் முறையான பயிற்சி பெற்றவர்களே குளிர்சாதனத்தைப் பொருத்த வேண்டும். வெளிப்பகுதியை வைக்கத் தனித் திட்டு இல்லாத வீடுகளில், துருப்பிடிக்காத எஃகுத் தாங்கிகளைப் பயன்படுத்த வேண்டும். மின்னிணைப்பு வேலையை உரிமம் பெற்ற மின்பணியாளரிடமே ஒப்படைக்க வேண்டும். இன்று பல குளிர்சாதனங்களில் உள்ள ‘ஆர்32’ என்னும் வாயு ஓரளவு தீப்பற்றக்கூடியது. எனவே, குழாய்களை நாமே கழற்றிப் பார்ப்பது ஆபத்தானது.

சரியாகப் பொருத்தினால் மட்டும் போதாது. சரியாகப் பயன்படுத்தவும் வேண்டும். வெப்பநிலையை 18 டிகிரிக்குக் குறைத்தால் அறை விரைவில் குளிரும் எனச் சிலர் எண்ணுகின்றனர். அதனால் பெரிய பயன் இல்லை. இயந்திரம் நெடுநேரம் கடுமையாக உழைப்பதே மிச்சம். 25 டிகிரி செல்சியஸில் வைத்து, மின்விசிறியையும் சேர்த்துப் பயன்படுத்துவது நல்லது. கதவும் சன்னலும் திறந்திருந்தால், வெளியேற்றிய வெப்பம் மீண்டும் உள்ளே வந்துவிடும். வடிகட்டியில் தூசி படிந்தாலும் வெளிப்பகுதியைச் சுற்றிப் பொருள்களைக் குவித்தாலும் காற்றோட்டம் தடைபடும். நீர் வடியும் குழாய் அடைத்துக்கொண்டால் அறையின் சுவர் நனையும்; சில வேளைகளில் கீழ்வீட்டார் காயப்போட்ட துணியும் நனையும். புதிய குளிர்சாதனம் வாங்குவோர், எரிசக்திச் சிட்டையில் கூடுதல் ‘டிக்’ குறிகள் உள்ளதைத் தேர்ந்தெடுத்தால் மின்கட்டணம் குறையும்.

நம் அறையை விட்டு வெளியேறும் வெப்பம் எங்கும் மறைந்துவிடுவதில்லை. அண்டை வீட்டாரும் வழிப்போக்கரும் சுவாசிக்கும் காற்றில்தான் அது கலக்கிறது. பொத்தானை அழுத்தும் முன், மின்விசிறியே போதுமா என ஒரு கணம் எண்ணிப் பார்ப்பது நம் பணப்பைக்கும் நல்லது, பிறருக்கும் நல்லது.

சிந்தித்து விடையளி
1. குளிர்சாதனம் குளிரை உருவாக்குவதில்லை என்று ஏன் கூறப்படுகிறது?
2. குளிர்சாதனத்தைப் பயிற்சி பெற்றவரே பொருத்த வேண்டும் என்பதற்கான காரணங்களை விளக்குக.
3. உன் வீட்டில் மின்சாரத்தைச் சேமிக்க நீ மாற்றிக்கொள்ளக்கூடிய ஒரு பழக்கத்தைக் குறிப்பிடுக.