மருந்துப் பீப்பாயின் கொள்ளளவைக் கணித்தல்

பயிருக்கு மருந்து தெளிப்பவர்கள் மருந்தை மிகவும் ஜாக்கிரதையாக அளக்கின்றனர். ஜலத்தை அளப்பவர் வெகு சிலரே. சீசாவின் மூடியில் மில்லிலிட்டர்க் கோட்டைப் பார்த்து ஊற்றும் குடியானவர், அம்மருந்தைக் கலக்கும் பாத்திரத்தை மட்டும் ‘இருநூறு லிட்டர் பீப்பாய்’ என்று வாய்வழக்காக ஏற்றுக்கொள்கிறார். கலவையின் வீரியம் இரண்டையும் பொறுத்ததாகையால், ஒன்றை உத்தேசத்திற்கு விட்டுவிட்டு மற்றொன்றை நுட்பமாக அளப்பதால் யாதொரு பிரயோஜனமும் இல்லை. வீரியம் மிகுந்தால் இலை கருகும். குறைந்தால் பூச்சி சாகாது, மருந்துச் செலவும் கூலியும் வீணாகும்.

கடைவீதிகளில் சாதாரணமாகக் கிடைக்கும் இரும்புத் தகட்டுப் பீப்பாயின் உள்விட்டம் சுமார் 57 சென்டிமீட்டர்; உள்ளுயரம் சுமார் 85 சென்டிமீட்டர். விட்டத்தை அதே விட்டத்தாலும், பின்னர் உயரத்தாலும் பெருக்கி, வந்த தொகையை 0.7854 ஆல் பெருக்கி 1,000 ஆல் வகுத்தால் கொள்ளளவு லிட்டரில் கிடைக்கும். 57-ஐ 57 ஆல் பெருக்க 3,249, அதை 85 ஆல் பெருக்க 2,76,165, அதை 0.7854 ஆல் பெருக்க 2,16,900. ஆயிரத்தால் வகுக்க 217 லிட்டர். ஆகவே ‘இருநூறு லிட்டர் பீப்பாய்’ விளிம்புவரை 217 லிட்டர் கொள்கிறது. உள்ளே அடைக்கும் எண்ணெய் முதலியன வெப்பத்தால் விரிவதற்கு இடம் வேண்டுமென்று விடப்பட்ட வெற்றிடமே இந்த அதிகப்படி.

இப்பீப்பாயில் ஒரு சென்டிமீட்டர் உயரத்திற்கு 2.55 லிட்டர் ஜலம் நிற்கும். எனவே 200 லிட்டருக்குரிய மட்டம், அடியிலிருந்து ஏறக்குறைய 78 1/2 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. அவ்விடத்தில் உட்புறம் அழியாத வண்ணத்தால் ஒரு கோடு இட்டுவிட்டால் பிறகு கணக்கே தேவையில்லை.

பிழை பெரும்பாலும் நேர்வது வெளிப்புறத்தை அளப்பதினால்தான். பீப்பாயின் உடலில் உருட்டுவதற்காகப் புடைத்திருக்கும் வளையங்களின்மேல் அளந்து விட்டம் 60 என்றும், மேல் கீழ் விளிம்புகளையும் சேர்த்து உயரம் 88 என்றும் கொண்டவருக்கு 249 லிட்டர் என்று விடை வரும். லிட்டருக்கு 2 மில்லிலிட்டர் மருந்து என்ற பிரமாணப்படி அவர் 498 மில்லிலிட்டர் ஊற்றுவார். பீப்பாயிலோ 217 லிட்டருக்கு மேல் கொள்ளாது. கலவை நூற்றுக்குப் பதினைந்து பங்கு கடுமையாகிவிடும். இளம் பயிருக்கு இது பொறுக்கக்கூடியதன்று. வாய் திறவாத பீப்பாயாயின், வளையங்களுக்கு இடையிலுள்ள சமமான பாகத்தில் ஒரு நூலைச் சுற்றி அளக்கலாம். சுற்றளவை அதே சுற்றளவால் பெருக்கி, உள்ளுயரத்தால் பெருக்கி, 12.57 ஆல் வகுத்து, பின் ஆயிரத்தால் வகுக்கவேண்டும். சுற்றளவு 180 ஆயின் 219 லிட்டர் வரும். தகட்டின் கனத்தால் வரும் இரண்டு லிட்டர் வித்தியாசத்தைப் பொருட்படுத்த வேண்டுவதில்லை.

பழைய கைப்பிரதிகளிலுள்ள காலன் கணக்கும் ஒரு தொல்லை. இந்தியாவில் 1956-ஆம் வருஷச் சட்டத்தால் மெட்ரிக் அளவுகள் புகுந்தபின்னரும், ‘5-5-50’ என்னும் போர்டோ கலவைப் பிரமாணத்தை வைத்திருப்போர் உளர். மயில்துத்தம் 5 ராத்தல், சுட்ட சுண்ணாம்பு 5 ராத்தல், ஜலம் 50 காலன் என்பது அதன் பொருள். 5 ராத்தல் என்பது 2.27 கிலோகிராம். காலன், பிரிட்டிஷ் அளவில் 4.546 லிட்டர், அமெரிக்க அளவில் 3.785 லிட்டர். முன்னதன்படி 227 லிட்டரில் கலந்தால் நூற்றுக்கு ஒரு பங்கு வீரியம் சரியாக வரும். பின்னதன்படி 189 லிட்டரே ஆவதால் வீரியம் 1.2 ஆகும். லிட்டரில் எழுதிக்கொள்வோர் 100 லிட்டருக்கு இரண்டும் ஒவ்வொரு கிலோகிராம் என்று நினைவில் வைத்தால் போதும். இக்கலவையை இரும்புப் பீப்பாயில் தயாரித்தல் ஆகாது; துத்தம் இரும்பை அரித்துத் தன்னிலுள்ள செம்பை அதன்மேல் படியவிடும். பிளாஸ்டிக் பீப்பாயே ஏற்றது.

பிளாஸ்டிக் பீப்பாய்களோ நடுவில் பருத்தும் வாயில் குறுகியும் இருப்பதால் மேற்சொன்ன சூத்திரம் அவற்றிற்குப் பொருந்தாது. வாளியினால் ஊற்றியே அளத்தல் நலம். ஒரு லிட்டர் ஜலம் ஒரு கிலோகிராம் நிறையுள்ளதாகையால், வெறும் வாளியைத் தராசில் நிறுத்து, மேற்கொண்டு 10 கிலோகிராம் வரும்வரை ஜலம் ஊற்றி, அம்மட்டத்தில் வாளிக்கு அடையாளம் செய்க. இவ்வாளியால் இருபது முறை ஊற்ற 200 லிட்டர். ஐந்து வாளிக்கு ஒருமுறை ஒரு மூங்கில் கோலைப் பீப்பாயின் அடிவரை நிறுத்தி, நனைந்த மட்டத்தில் வெட்டிக்கொண்டால், குறைந்த கலவைக்கும் அக்கோல் உதவும். கோடைக்காலத்தில் குடிநீர்ப் பீப்பாய்களைக் கணக்கெடுக்கும் கிராம அதிகாரிகளுக்கும் இம்முறையே எளிது. ஆனால் மருந்து இருந்த பீப்பாயை எத்தனை தரம் கழுவினும் குடிநீருக்கோ தானியத்திற்கோ விடலாகாது.

டீசல் பீப்பாய்களைப் படுக்கவைத்திருப்போர் மற்றொன்றையும் அறிதல் வேண்டும். படுத்த பீப்பாயில் பாதி உயரம் பாதியளவே. எனினும் கால் உயரம் கால் பங்கன்று. அவ்வுயரத்தில் நூற்றுக்கு 19 1/2 பங்குதான் நிற்கும். 217 லிட்டர்ப் பீப்பாயில் 54 லிட்டர் இருக்கிறதென்று நம்பி இறைவை இயந்திரத்தை ஓட்டுபவரிடம் உண்மையில் இருப்பது 42 லிட்டரே. முக்கால் உயரத்தில் இதற்கு மாறாக 80 1/2 பங்கு இருக்கும். நிறுத்திய பீப்பாய்க்கு வெட்டிய கோலைப் படுத்த பீப்பாய்க்கு உபயோகிக்கலாகாது; உடல் நசுங்கிய பீப்பாய்க்கும் கோலைப் புதிதாகவே வெட்டிக்கொள்ளல் வேண்டும்.