நிற்கும் பணியும் இடுப்பு வலியும்

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு எல்லையில், சித்தூர் வட்டத்தில் அமைந்துள்ளது கொழிஞ்சாம்பாறை. கேரளத்துக்குள் இருந்தாலும் ஊரின் பேச்சில் தமிழே மிகுதி. பாலக்காட்டையும் பொள்ளாச்சியையும் இணைக்கும் சாலை இவ்வூர் வழியாகச் செல்வதால், கடை வேலைக்கு ஒருவர் மேற்கேயும் போகலாம். எல்லை தாண்டித் தமிழகத்துக்கும் போகலாம். இரு திசையிலும் வேலை ஒன்றுதான்: காலையில் கண்ணாடி மேசைக்குப் பின்னால் நின்றால், இரவு கடை சாத்தும்வரை நிற்க வேண்டும். ஆயினும் 2018 முதல் 2021 வரை அந்த இரு திசைகளுக்கிடையே ஒரு வேறுபாடு இருந்தது. மேற்கே போனவருக்குப் பணியிடத்தில் உட்காரும் உரிமையைச் சட்டம் வழங்கியிருந்தது. எல்லை தாண்டிப் போனவருக்கு அது இல்லை.

இடுப்பு எலும்புக்கு மாநில எல்லை தெரியாது. முதுகெலும்பின் கீழ்ப்பகுதியில் உள்ள ஐந்து முள்ளெலும்புகளே உடலின் மேற்பாதி எடையைத் தாங்குகின்றன. நிற்கும்போது அப்பகுதி இயல்பாகவே சற்று உட்புறம் வளைந்திருக்கும். நேரம் செல்லச் செல்ல வயிற்றுத் தசைகளும் பிட்டத்துத் தசைகளும் களைத்துப்போக, இடுப்பு முன்னோக்கிச் சாய்கிறது, வளைவு ஆழமாகிறது, முள்ளெலும்புகளின் பின்பக்க மூட்டுகள் ஒன்றையொன்று அழுத்துகின்றன. அங்கேதான் வலி பிறக்கிறது.

ஆனால் வயலில் நாள் முழுவதும் காலில் நிற்கும் உழவருக்கும் கடையில் நிற்பவருக்கும் ஒரு வேறுபாடு உண்டு. உழவர் நடக்கிறார், குனிகிறார், நிமிர்கிறார். கடையில் நிற்பவர் ஓரடி இடத்தில் அசையாது நிற்கிறார். இறுகி விரியும் தசைக்குள்தான் இரத்தம் தடையின்றிப் பாயும்; இறுகியபடியே இருக்கும் தசை விரைவில் சோர்ந்துவிடும். கெண்டைக்கால் தசைகளோ நடக்கும்போது இரத்தத்தை மேலே தள்ளும் இரண்டாவது இதயம் போலச் செயற்படுபவை. அவை ஓய்ந்துவிட்டால் இரத்தம் காலிலேயே தேங்குகிறது. மாலையில் காணும் கால் வீக்கமும், ஆண்டுகள் கழித்துப் புடைத்தெழும் நரம்புச் சுருளும் இதன் தொடர்ச்சியே.

கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், முதுகுவலி இல்லாதவர்களை ஒரு மேசையின் முன் 2 மணி நேரம் நிற்கச் செய்து பல ஆய்வுகள் நடத்தினர். ஆய்வுக்கு ஆய்வு எண்ணிக்கை மாறினாலும், ஏறத்தாழ 40 முதல் 70 விழுக்காட்டினருக்கு அந்நேரத்துக்குள்ளேயே இடுப்பில் வலி தோன்றியது. வலி கண்டவர்களின் இருபக்கப் பிட்டத் தசைகளும் மாறி மாறி இயங்காமல் ஒரே நேரத்தில் இறுகி நின்றன. வலி காணாதவர்களோ தொடக்கத்திலிருந்தே உடல் எடையை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு அடிக்கடி மாற்றிக்கொண்டார்கள். வலி வந்தபின் அசைவதைவிட, வருமுன் அசைவதே பயன் தருகிறது என்பது இதனால் விளங்கும்.

இதற்கு மிக எளிய துணை ஒரு பலகை. மேசையின் அடியில் அரைச் சாண் உயரத்துக்கு ஒரு மரக்கட்டையோ பலகையோ இருந்தால் போதும். ஒரு பாதத்தை அதன்மேல் வைத்து நின்றால் இடுப்பின் முன்சாய்வு குறைந்து வளைவு தளர்கிறது. சில நிமிடங்களுக்கொருமுறை கால் மாற்ற வேண்டும். சமையலறை மேடை முன் நிற்கும் இல்லத்தரசிக்கும், தோசைக்கல் முன் நிற்பவருக்கும், துணி தேய்ப்பவருக்கும் இது பொருந்தும். மேசையின் உயரமும் முக்கியம். இலேசான வேலைக்கு அது முழங்கைக்குச் சற்றுக் கீழே, 5 முதல் 10 சென்டிமீட்டர் தாழ்வாக இருப்பது நல்லது. அதனினும் தாழ்ந்தால் நாள் முழுவதும் முதுகு வளையும். வெறும் சிமென்ட் தரையிலோ பளிங்குத் தரையிலோ நிற்பவருக்குக் காலடியில் கெட்டியான ரப்பர் விரிப்பு உதவும். காலணி முற்றிலும் தட்டையாகவும் வேண்டாம். குதிகால் 5 சென்டிமீட்டருக்கு மேல் உயரவும் வேண்டாம்.

வாடிக்கையாளர் இல்லாத இடைவேளையில் குதிகாலை உயர்த்தி உயர்த்தி இறக்குவது பத்து முறை. கைகளை இடுப்பில் ஊன்றி மெல்லப் பின்னோக்கிச் சாய்வது நான்கைந்து முறை. யாரும் கவனிக்காமலே செய்துவிடலாம். கீழ்த்தட்டிலிருந்து சேலைக்கட்டை எடுக்கும்போது முழங்காலை மடக்கி இறங்கி, கட்டை உடலோடு அணைத்து எழ வேண்டும். குனிந்தபடியே இடுப்பைத் திருப்பிப் பக்கத்தில் வைப்பதுதான் பலரையும் படுக்கையில் தள்ளுகிறது; பாதத்தை நகர்த்தித் திரும்பினால் அந்த ஆபத்து இல்லை. வீடு திரும்பியதும் தரையில் மல்லாந்து படுத்து, கெண்டைக்கால்களை நாற்காலியின் மேல் வைத்துப் பத்து நிமிடம் கிடப்பது பெரிய ஆறுதல்.

இவையெல்லாம் இருந்தும், உட்காருவதற்கு ஈடாகாது. உட்கார இடம் வேண்டும் என்பது புதிய எண்ணமுமன்று. கடையில் பணிபுரியும் மூன்று பெண்களுக்கு ஓர் இருக்கையாவது இருக்க வேண்டும் என்று 1899ஆம் ஆண்டிலேயே பிரிட்டனில் சட்டம் வந்தது. இந்தியாவின் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், நின்று வேலை செய்வோர் வாய்ப்புக் கிடைக்கும்போது அமர்வதற்கு வசதி செய்யப்பட வேண்டும் என்று 44ஆம் பிரிவில் கூறியது. ஆனால் அது ஆலைகளுக்கான சட்டம். கடைகளில் நிற்போர் அதன் வரம்புக்குள் வரவில்லை.

கேரளத்தில் அந்தக் குறையை நீக்கப் பாடுபட்டவர்கள் கடைத்தெருப் பெண்களே. கோழிக்கோட்டைச் சேர்ந்த தையல் தொழிலாளி விஜி, ‘பெண்கூட்டு’ என்னும் அமைப்பின்வழி அவர்களை ஒன்றுசேர்த்தார். அவர்களது முதற் கோரிக்கை இருக்கைகூட அன்று, கழிப்பறை. கழிப்பறைக்குப் போக இடமில்லாததால் தண்ணீர் குடிப்பதையே தவிர்த்து, சிறுநீர்த் தொற்றுக்கு ஆளானவர்கள் பலர். 2014ஆம் ஆண்டின் இறுதியில் திருச்சூரில் ஒரு ஜவுளிக்கடையின் பெண் பணியாளர்கள் தொடங்கிய ‘இருப்புப் போராட்டம்’ நூறு நாட்களுக்கும் மேலாக நீடித்தது. 2018 அக்டோபரில் கேரள அரசு தன் கடைகள், வணிக நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி இருக்கை வசதியைக் கட்டாயமாக்கியது. தமிழகச் சட்டப்பேரவை 2021 செப்டம்பரில் 1947ஆம் ஆண்டுச் சட்டத்தில் 22-அ என்னும் பிரிவைச் சேர்த்து அதே வசதியை ஆண், பெண் அனைவருக்கும் உறுதிசெய்தது. கொழிஞ்சாம்பாறையிலிருந்து எத்திசையில் வேலைக்குப் போனாலும் இன்று உரிமை ஒன்றே.

எனினும் ஸ்டூல் இருப்பது வேறு, அதில் உட்கார முடிவது வேறு. மேற்பார்வையாளரின் பார்வையை அஞ்சி, போட்ட ஸ்டூலில் அமராதவர்கள் உண்டு. உட்கார்ந்திருப்பது சோம்பல், நிற்பதே பணிவு என்ற எண்ணம் கடைக்காரரிடம் மட்டுமா இருக்கிறது? வாங்க வருபவரிடமும் இருக்கிறது. பழைய ஜவுளிக்கடையின் வழக்கம் இதற்கு மாறானது. தரையில் மெத்தை விரித்து, அதன்மேல் வெள்ளைத் துணி போர்த்தி, கடைக்காரர் சம்மணமிட்டு அமர்ந்து சேலையைப் பிரித்துக் காட்டுவார். வாங்குபவரும் எதிரே அமர்ந்தே பார்ப்பார். அதில் யாருக்கும் மரியாதை குறைந்ததில்லை. பெரியவர் முன் எழுந்து நிற்பது நம் மரபுதான். ஆனால் அது சில நொடி வணக்கம். நாள் முழுவதும் ஒருவரை நிறுத்தி வைப்பதற்கு அதைச் சான்றாகக் காட்டுவது பொருந்தாது. கடைக்குள் நுழையும்போது அமர்ந்திருக்கும் பெண் பதறி எழுந்தால், “உட்காரும்மா, நான் பார்த்துச் சொல்கிறேன்” என்று வாங்க வந்தவரே சொல்லலாம். அந்தச் சொல் மேற்பார்வையாளரின் காதிலும் விழும்.

உட்காரும்போதும் ஒரு கவனம் தேவை. சேலைக்கட்டின் மேலோ படிக்கட்டிலோ கூன்போட்டு அமர்வதால் நன்மை குறைவு. பாதம் தரையில் பதியும் உயரமுள்ள இருக்கையும், சாய்ந்துகொள்ள முதுகுப்பலகையும் இருந்தால் நல்லது. நீண்ட நேரம் உட்கார்ந்தே இருப்பதும் இடுப்புக்கு ஆகாது. இரண்டும் கலந்துவர வேண்டும். கருவுற்ற பெண்களுக்கு இருக்கை மறுக்கப்படவே கூடாது.

பெரும்பாலான இடுப்பு வலி ஓய்வும் அசைவும் கலந்த சில வாரங்களில் தணிந்துவிடும். முழுநாள் படுக்கையில் கிடப்பது குணமாவதைத் தாமதப்படுத்தும். ஆறு வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, வலி காலில் இறங்கி மரத்துப்போனாலோ, காய்ச்சலும் சேர்ந்து வந்தாலோ மருத்துவரிடம் காட்ட வேண்டும். கால் வலுவிழந்தாலும், தொடைகளின் இடைப்பகுதி உணர்வற்றுப் போனாலும், சிறுநீர் கட்டுப்பாடின்றிப் போனாலும், போகாமல் அடைத்துக்கொண்டாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். வலி வராமல் தடுக்கும் என்று நம்பிப் பலர் நாள் முழுவதும் அணியும் இடுப்புப் பட்டைக்கு அத்தகைய ஆற்றல் இருப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. மருத்துவர் சொன்னாலன்றி அதற்குச் செலவழிக்க வேண்டியதில்லை.