பேஸ் கிட்டாருக்கு மூன்று பொருத்தம்

ரயிலே ஓடாத தீவில் வந்து குடியேறிய ரயில்வேக்காரன் நான். மின்பொறியியலில் டிப்ளமோ முடித்து, தெற்கு ரயில்வேயில் பயணிகள் பெட்டிகளின் விளக்கு, மின்விசிறிப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றேன். இப்போது மகன் குடும்பத்தோடு பாம்பூஃப்ளாட்டில் வாசம். சங்க விழாக்களில் மேடை விளக்கு, மைக் செட் என்று எது தகராறு செய்தாலும் "சாரைக் கூப்பிடு" என்பது இங்கே வழக்கமாகிவிட்டது. அந்த வழக்கத்தினால் ஒரு முறை நானே ஒரு தம்பிக்கு நஷ்டம் உண்டாக்கினேன். அது இன்னொருவருக்கு நேரக்கூடாது என்பதற்காகவே இந்தப் பாடம்.

அன்று நடந்தது

இரண்டு ஆண்டுகளுக்கு முன் பொங்கல் விழா. நம் பிள்ளைகளின் மெல்லிசைக் குழுவில் பேஸ் கிட்டார் வாசிக்கும் தம்பி, பகலில் வேலைக்குப் போய்ச் சேர்த்த பணத்தில் சென்னையிலிருந்து பழைய ஆம்ப்ளிஃபயர் ஒன்றை வாங்கிக் கப்பலில் வரவழைத்திருந்தார். ஸ்பீக்கர் இல்லாமல் தனியாக வரும் இவ்வகை ஆம்ப்ளிஃபயரைப் பிள்ளைகள் 'ஹெட்' என்பார்கள். அவரிடம் இரண்டு 10 அங்குல ஸ்பீக்கர் கொண்ட பெட்டி ஒன்றும் இருந்தது. திறந்த மைதானத்தில் சத்தம் போதவில்லை. மைக் செட்காரரிடம் 15 அங்குலப் பெட்டிகள் இரண்டு சும்மா நின்றன.

"சார், ரெண்டையும் சேர்த்துப் போடலாமா?" என்று தம்பி கேட்டார்.

"தாராளமாப் போடு" என்றேன் நான். பெட்டியின் பின்புறத் தகட்டின் மேல் பெயிண்ட் அடித்திருந்தது. என் பையில் மல்டிமீட்டர் இருந்தது. எடுக்கவில்லை.

நான்காவது பாட்டில் பேஸ் நின்றது. பத்து நிமிடம் ஆறவிட்டோம், மறுபடி வந்தது. ஆறாவது பாட்டில் கருகல் வாடையோடு ஒரேயடியாக நின்றுவிட்டது. ஹெட் சென்னைக்குப் போய்த் திரும்பி வர இரண்டு மாதம் ஆயிற்று. தம்பி என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேன் சார்" என்றார். திட்டியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

முதற் பொருத்தம்: ஓம்

கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கிறோம். ஹெட்டுக்கும் பெட்டிக்கும் மூன்று போதும். அவற்றுள் முதலாவது ஓம். இது பொருந்தாவிட்டால் மற்ற இரண்டையும் பார்த்துப் பயனில்லை.

ஸ்பீக்கர் மின்னோட்டத்துக்குக் காட்டும் எதிர்ப்பே இம்பீடன்ஸ். அதன் அலகு ஓம். பெட்டிகளில் பெரும்பாலும் 8 அல்லது 4 என்று எழுதியிருக்கும். ஹெட்டின் பின்புறம் 'குறைந்தபட்சம் 4 ஓம்' என்பது போல் இருக்கும். மொத்த எதிர்ப்பு அதற்குக் கீழே போகக்கூடாது என்று பொருள்.

பெட்டிகளை ஒன்றிலிருந்து ஒன்றாக ஒயர் கொடுத்து இணைத்தாலும், ஹெட்டின் இரண்டு துளைகளில் தனித்தனியே செருகினாலும், பொதுவாக அது பக்க இணைப்புதான். பக்க இணைப்பில் பெட்டி கூடக் கூட ஓம் குறையும். 8 ஓம் பெட்டி இரண்டு சேர்ந்தால் 4 ஓம். மூன்று சேர்ந்தால் 8-ஐ 3-ஆல் வகுக்க, சுமார் 2.67 ஓம். அன்று நான் செய்தது இதுதான்.

இனி நாம் பள்ளியில் படித்த ஓம் விதி. 4 ஓமில் 500 வாட் தரும் ஹெட் என்றால், அதன் முழு வெளியீடு சுமார் 45 வோல்ட். 4 ஓமில் ஓடுவது ஏறக்குறைய 11 ஆம்பியர். அதே 45 வோல்ட்டில் 2.67 ஓம் வைத்தால் 17 ஆம்பியர் இழுக்கும். மின்னோட்டம் ஒன்றரை மடங்கு. வெப்பமும் அதோடு சேர்ந்து உயரும். டிரான்சிஸ்டர் கருகாமல் என்ன செய்யும்?

தகடு தெரியாத பெட்டியானால், ஹெட்டிலிருந்து கழற்றிவிட்டு மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்துப் பாருங்கள். 8 ஓம் பெட்டி சுமார் 6 காட்டும். 4 ஓம் பெட்டி 3-க்கு மேல் கொஞ்சம் காட்டும். மீட்டர் அளப்பது கம்பிச்சுருளின் நேர்மின் தடையை மட்டும் என்பதால் எண் குறைவாக வரும். அரை நிமிட வேலை.

வால்வு ஆம்ப்ளிஃபயருக்குச் சட்டம் வேறு. அதில் வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மர் உண்டு. 4, 8, 16 என்று குறித்த இடத்தில் அதே ஓம் பெட்டியைச் செருக வேண்டும். பெட்டியே இல்லாமல் அதை வாசிக்கக் கூடாது, டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும்.

இரண்டாம் பொருத்தம்: வாட்

மேற்சொன்ன ஹெட் 4 ஓமில் 500 வாட் தந்தால், 8 ஓம் பெட்டி ஒன்றோடு மட்டும் இருக்கையில் 250 வாட் அளவே தரும். பிள்ளைகள் இதைக் குறை என்று நினைக்கிறார்கள். குறையே இல்லை. வாட் இரட்டித்தால் ஒலி 3 டெசிபெல்தான் கூடும். நம் காதுக்கு இருமடங்காகத் தோன்றுவதற்குச் சுமார் 10 டெசிபெல், அதாவது பத்து மடங்கு வாட் வேண்டும்.

எனவே வாட்டைத் துரத்துவதைவிடப் பெட்டியின் உணர்திறனைப் பாருங்கள். 1 வாட் கொடுத்து 1 மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபெல் என்று விவரத்தாளில் இருக்கும். 97 டெசிபெல் பெட்டிக்குப் பதில் 100 டெசிபெல் பெட்டி வாங்கினால், அதே ஹெட் இருமடங்கு வாட் ஆனதற்குச் சமம்.

பெட்டியில் 'பீக்' என்று பெரிய எண்ணும், தொடர்ந்து தாங்கும் வாட் என்று சிறிய எண்ணும் இருக்கும். சிறியதையே நம்புங்கள். அது, அந்த ஓமில் ஹெட் தரும் வாட்டுக்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கட்டும். இரண்டு ஒரே மாதிரிப் பெட்டிகள் என்றால் வாட் பாதிப் பாதியாகப் பிரியும். 8 ஓமும் 4 ஓமும் கலந்தால் 4 ஓம் பெட்டிக்கு இருமடங்கு போகும்.

மூன்றாம் பொருத்தம்: நாதம்

1951-இல் அமெரிக்காவில் லியோ ஃபெண்டர் பிரிசிஷன் பேஸ் என்ற மின் கிட்டாரை வெளியிட்டார். அடுத்த ஆண்டே 'பேஸ்மேன்' ஆம்ப்ளிஃபயர் வந்தது. அதில் ஒரே ஒரு 15 அங்குல ஸ்பீக்கர். 1969-இல் ஆம்பெக் நிறுவனம் எஸ்.வி.டி. என்ற 300 வாட் வால்வு ஹெட்டைக் கொண்டுவந்தது. அதற்குத் துணையான பெட்டியில் எட்டு 10 அங்குல ஸ்பீக்கர்கள், சுற்றிலும் மூடிய பெட்டி. மேடை பெரிதானபோது ஸ்பீக்கரின் அங்குலத்தைக் கூட்டாமல் எண்ணிக்கையைக் கூட்டினார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

பேஸ் கிட்டாரின் தடித்த கம்பி எழுப்புவது நொடிக்கு 41 அதிர்வு. அந்த ஒலி அலையின் நீளம் 8 மீட்டருக்கும் மேல். இத்தனை நீண்ட அலையைத் தள்ள நிறையக் காற்றை அசைக்க வேண்டும். பெரிய ஸ்பீக்கர் ஒன்று அசைக்கலாம், சிறியவை பல சேர்ந்தும் அசைக்கலாம். ஆகவே 15 அங்குலம் என்றாலே கனம், 10 அங்குலம் என்றாலே மெலிவு என்பது சரியல்ல. பெட்டியின் கொள்ளளவும் அமைப்பும் பாதி வேலை செய்கின்றன.

மூடிய பெட்டியில் ஓசை இறுக்கமாக நிற்கும், கீழ்ச்சுரம் மெல்லக் குறையும். துளையுள்ள பெட்டி கீழே இன்னும் ஆழம் காட்டும். ஆனால் துளைக்கென்று அமைந்த சுருதிக்கும் கீழே போனால் ஸ்பீக்கரின் கூம்பைத் தாங்கிப்பிடிக்க ஆளில்லை, கட்டுக்கு மீறி ஆடிக் கிழியும். ஐந்து கம்பி பேஸின் அடிக்கம்பி 31 அதிர்வு. அதை வாசிப்பவர்கள் இதைக் கேட்டு வாங்க வேண்டும்.

நம் மெல்லிசை மேடையில் தபேலாவின் இடக்கையும் டோலக்கும் பேஸ் கிட்டார் இருக்கும் இடத்திலேயே முழங்குகின்றன. இளையராஜா பாடல்களில் பேஸ் தனியாக ஒரு மெட்டுப் போலவே நடக்கும். அந்த நடை காதில் விழாவிட்டால் பாட்டே பாதிதான். இதற்குக் கனத்தைவிடத் தெளிவு முக்கியம். எல்லாக் குமிழ்களையும் நடுவில் வைத்துத் தொடங்குங்கள். குழப்பமாகக் கேட்டால் 200, 300 அதிர்வுப் பக்கம் சற்றே குறையுங்கள். விரல் நடை தெரியவில்லை என்றால் 700 முதல் 1000 வரை சற்றே கூட்டுங்கள். பேஸ் குமிழை முழுக்கத் திருகுவது கடைசி வழி.

இடமும் உண்டு. சுவரோரம் வைத்தால் கீழ்ச்சுரம் கூடும், மூலையில் வைத்தால் அளவு மீறி உறுமும். மரப்பலகை மேடை தானும் சேர்ந்து அதிரும். திறந்த மைதானத்தில் சுவரின் உதவி கிடையாது. அதனால்தான் வீட்டில் நன்றாகக் கேட்டது விழாவில் மெலிகிறது.

ஒயர் பற்றி ஒரு சொல்

கிட்டாரிலிருந்து ஹெட்டுக்கு வரும் ஒயரை ஹெட்டிலிருந்து பெட்டிக்குப் போடாதீர்கள். உள்ளே மெல்லிய கம்பி, சூடேறும். வீட்டு வயரிங்குக்கு வாங்கும் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு போதும். 10 மீட்டர் தூரத்துக்குப் போய்வர மொத்தத் தடை சுமார் 0.15 ஓம்தான். நம் ஊர்க் கடற்காற்றில் பிளக் முனைகள் பச்சை பூத்துவிடும். விழாவுக்கு முதல் நாளே துடைத்து வையுங்கள்.

பயிற்சிக் கணக்கு

1. எட்டு ஸ்பீக்கர்கள், ஒவ்வொன்றும் 32 ஓம், எல்லாம் பக்க இணைப்பு. மொத்தம் எவ்வளவு?
2. 8 ஓம் பெட்டி ஒன்று, 4 ஓம் பெட்டி ஒன்று. குறைந்தபட்சம் 4 ஓம் கேட்கும் ஹெட்டில் இரண்டையும் பக்க இணைப்பில் சேர்க்கலாமா?

விடை: 1. 4 ஓம். 2. கூடாது, மொத்தம் 2.67 ஓம்தான்.

என் வேலைக்காலத்தில் 24 வோல்ட் பெட்டிகளும் 110 வோல்ட் பெட்டிகளும் இருந்தன. எத்தனை வருட அனுபவஸ்தரும் பெட்டியின் எழுத்தைப் படிக்காமல் பல்பு மாட்டமாட்டார். அந்தப் பழக்கத்தை நான் மேடையில் மறந்தேன். நாலு பேர் 'சார்' என்று அழைத்தது காரணம்.

பழுதுபார்த்த செலவில் பாதியைத் தம்பி மிகுந்த தயக்கத்தோடு வாங்கிக்கொண்டார். மறு பொங்கலுக்கு அதே ஹெட், அவருடைய பெட்டி, அதோடு அளந்து பார்த்த 8 ஓம் பெட்டி ஒன்று மட்டும். நிகழ்ச்சி முடியும்வரை ஹெட் வெதுவெதுப்பாகவே இருந்தது. ஆரம்பிக்கும் முன் தம்பி என் கையிலிருந்த மீட்டரை வாங்கித் தானே இரண்டு பெட்டியையும் அளந்தார். "சார் சொன்னார்" என்று விட்டுவிடவில்லை. அதுவே எனக்கு நிறைவு.