பிளஸ் டூவில் சங்கீதம்: பாட்டையும் ஏட்டையும் பிரிக்காதீர்கள்

சி.பி.எஸ்.இ. பள்ளியில் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளில் கர்நாடக இசை வாய்ப்பாட்டை ஒரு பாடமாகவே எடுக்கலாம் என்பது பல பெற்றோருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும், ‘பாட்டுதானே, மார்க் தானாக வரும்’ என்று சேர்த்துவிட்டு அதோடு மறந்துவிடுகிறார்கள். மொத்தம் 100 மதிப்பெண்ணில் செய்முறைக்கு 70, எழுத்துத் தேர்வுக்கு 30. இதைப் பார்த்ததும் எல்லோருக்கும் ஒரே யோசனைதான் வருகிறது: பாட்டை வீட்டுக்கு வரும் டீச்சர் பார்த்துக்கொள்வார், தியரியைக் கடைசி மாதத்தில் மனப்பாடம் செய்துகொள்ளலாம். இந்தப் பாடத்தைப் படித்துத் தேறியவள் என்ற உரிமையில் சொல்கிறேன்: இந்த இரண்டு வருடத்தில் செய்யக்கூடிய தவறுகளில் அதிக நஷ்டம் தருவது இதுதான். 30 மதிப்பெண்ணில் மட்டும் அடி விழும் என்று நினைக்காதீர்கள். செய்முறையில் பாடி முடித்ததும் தேர்வாளர் கேள்வி கேட்பார். இது எந்த மேளத்தின் ஜன்யம், இதற்குப் பக்கத்து ராகம் எது, வேறுபாட்டைப் பாடிக் காட்டு என்பார். எட்டு வருடம் பாட்டு கற்ற பிள்ளை அங்கே வாயடைத்து நிற்கும்.

ஆரபியையும் தேவகாந்தாரியையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டும் 29-ஆவது மேளமான தீரசங்கராபரணத்தின் ஜன்யங்கள். புத்தகத்தில் இரண்டுக்கும் ஒரே ஆரோகணம், ஒரே அவரோகணம். நோட்ஸை நெட்டுருப் போட்டவருக்கு இவை ஒரே ராகத்தின் இரண்டு பெயர்களாகத்தான் தெரியும். பாடிப் பார்த்தவருக்குத் தெரியும், ஆரபியில் காந்தாரமும் நிஷாதமும் நீண்டு நிற்காது, பட்டும் படாமலும் கடந்துவிடும். ராகமே விறுவிறுவென்று ஓடும். தேவகாந்தாரி கமகத்தோடு தங்கித் தங்கித்தான் போகும். ஆனால் பாட மட்டும் தெரிந்தவரை இதை ஐந்து வரியில் எழுதச் சொன்னால், ‘கேட்டால் வேறு மாதிரி இருக்கும்’ என்பதற்கு மேல் பேனா நகராது. லட்சணம் என்பதே பாடிப் பாடிக் கிடைத்த அறிவை எழுத்தில் வைத்ததுதான். அதைத் தொண்டையிலிருந்து பிரித்துத் தனியாகப் படிப்பது வீண் உழைப்பு.

ஸ்வரப்படுத்தி எழுதுவதில்தான் இந்தப் பிரிவினை அப்பட்டமாகத் தெரியும். ஆதி தாளத்தில், அரை இடம் தள்ளித் தொடங்கும் ஒரு கிருதி. பல வருடமாகப் பாடிய பழக்கத்தில் எடுப்பு சரியாகவே விழுந்துகொண்டிருக்கும். எழுத உட்கார்ந்ததும், சாஹித்யத்தின் முதல் எழுத்தை முதல் தட்டுக்கு நேர் கீழே போட்டுவிடுவார்கள். லகுவின் நான்கு எண்ணிக்கை முடிந்து ஒற்றைக்கோடு போடும்போது ஏதோ இடிக்கும். இரண்டு திருதங்களையும் தாண்டி இரட்டைக்கோட்டுக்கு வரும்போது எழுத்து மிஞ்சும், அல்லது இடம் மிஞ்சும். காற்புள்ளி ஓர் அட்சரம், அரைப்புள்ளி இரண்டு அட்சரம் என்று பாடமாகத் தெரிந்திருந்தாலும் எந்த ஸ்வரம் எவ்வளவு நீள்கிறது என்று அதுவரை எண்ணியே பார்த்திருக்க மாட்டார்கள். இந்தத் தடுமாற்றத்தைப் பதினொன்றாம் வகுப்பு ஜூலையிலேயே பட்டுவிட்டால் அது பயிற்சி. பரீட்சை ஹாலில் பட்டால் மதிப்பெண் போனது போனதுதான். ஆகவே ஒரு கிருதியின் பல்லவி பாடமான வாரமே அதை எழுதிவிடுங்கள். முதலில் தாளக் கோடுகள், அப்புறம் சாஹித்யம், அதன் மேலே ஸ்வரம். பாடிக்கொண்டே எழுதுங்கள், அச்சுப் புத்தகத்தைப் பார்த்துக் காப்பி அடிக்காதீர்கள்.

எழுதினால் சங்கீதம் செத்துவிடும், மகா வித்வான்கள் யாரும் பேப்பர் எழுதிப் பாட வரவில்லை என்பார்கள். சங்கீதம் தெரிந்தவர்களே இதைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது. குருகுலத்தில் இருந்த பிள்ளை காலையிலிருந்து இரவு வரை குருவின் பாட்டைக் கேட்டுக்கொண்டே இருந்தது. நம் பிள்ளைக்கு வாரம் இரண்டு வகுப்பு, அதோடு வேறு நான்கு பாடங்கள். அந்தக் கேள்வி ஞானத்தின் இடத்தை வேறு எதைக் கொண்டு நிரப்புவது? தவிர, எழுத்தை வித்வான்கள் வெறுத்தார்கள் என்பதும் உண்மையில்லை. எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதர் 1904-இல் வெளியிட்ட ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’யில் முத்துசுவாமி தீட்சிதரின் கிருதிகள் தாளக் குறியீடுகளோடும் கமகக் குறியீடுகளோடும் அச்சாகியிருக்கின்றன. குரு பரம்பரையிலேயே ஊறிய ஒருவர்தான் அவ்வளவு நுணுக்கமாக எழுதி வைத்தார். இன்றைக்குப் பாடாந்தரத்தில் சந்தேகம் வந்தால் அந்தப் புத்தகத்திடம்தான் போகிறோம்.

இன்னொரு ஆட்சேபம் உறவினர்களிடமிருந்து வரும்: படிப்பு ஏறாதவர்கள் எடுக்கும் பாடம், ரேங்க் போய்விடும், பன்னிரண்டாவது முடியட்டும், அப்புறம் பாட்டைத் தொடரலாம். தமிழ்நாட்டில் இன்ஜினீயரிங் கட்-ஆஃப் 200-க்குக் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. ஐந்தாவது பாடம் சங்கீதமானாலும் கம்ப்யூட்டரானாலும் அந்தக் கணக்கில் வராது. மருத்துவத்துக்கு நீட் ரேங்க்தான். படிப்பு ஏறாதவர்களுக்கு என்பவர்கள் 72 மேளகர்த்தாவை ஒரு தடவை உட்கார்ந்து பார்க்கட்டும். 29 சங்கராபரணம், அதில் மத்யமத்தை மட்டும் மாற்றினால் 36 கூடி 65 மேசகல்யாணி. 22 கரகரப்ரியா அதேபோல 58 ஹேமவதி. ‘மே’ 5, ‘ச’ 6, திருப்பிப் போட்டால் 65 என்று பெயருக்குள்ளேயே எண் இருக்கிறது. இதையும் தொண்டையால் படித்தவருக்கு மனப்பாடச் சுமையே இல்லை. ‘அப்புறம்’ என்பதுதான் எல்லாவற்றிலும் மோசமான யோசனை. பையன்களுக்கு உடைந்த குரல் தேறி ஒன்று, ஒன்றரைக் கட்டையில் உட்காரத் தொடங்குவது பெரும்பாலும் இந்த வயதை ஒட்டித்தான். அந்த நேரத்தில் இரண்டு வருடம் வாயை மூடச் சொன்னால், திரும்பி வரும்போது புதுக் குரலோடு புதிதாகத்தான் பழக வேண்டும்.

மற்றதெல்லாம் வழக்கமான வேலை. சுருதியை மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள், வர்ணத்தை இரண்டு காலத்திலும் கையில் தாளம் போட்டுப் பாடிப் பழகுங்கள், வாக்கேயக்காரர் வரலாற்றில் முத்திரையையும் ஊரையும் தப்பில்லாமல் எழுதுங்கள். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். செய்முறைத் தேர்வு ஜனவரி, பிப்ரவரியிலேயே முடிந்துவிடும், எழுத்துத் தேர்வு அதற்கு அப்புறம்தான் வரும். செய்முறை முடிந்த மறுநாளே பாட்டு வகுப்பை நிறுத்தும் வீடுகள் அநேகம். நிறுத்தாதீர்கள். அந்த வாரங்களில் தினமும் இரண்டு ராகம் எடுத்து, ஒவ்வொன்றையும் பத்து நிமிடம் ஆலாபனை செய்துவிட்டு, எழுந்திருக்கும் முன் அதன் லட்சணத்தைப் புத்தகம் திறக்காமல் எழுதிவிடுங்கள்.