அசிமோவை எந்தப் பக்கமிருந்து பிடிக்கிறது?

தம்பி, ஏழு ஃபவுண்டேஷன் புத்தகத்தையும் மொத்தமா ஆர்டர் போடப்போறேன்னியே, கொஞ்சம் பொறு. இப்போதைக்கு ஒண்ணே ஒண்ணு வாங்கு: 1951-ல வந்த ‘ஃபவுண்டேஷன்’.

‘ப்ரிலூட் டு ஃபவுண்டேஷன்’தான் கதைப்படி முதல்னு யாராவது சொல்வாங்க. காலக்கணக்குப்படி சரிதான். ஆனா ஐசக் அசிமோவ் அதை எழுதினது 1988-ல. அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி வந்த ‘ஃபவுண்டேஷன் அண்ட் எர்த்’ கடைசியில ஒரு பெரிய முடிச்சு அவிழும். ப்ரிலூடை முதல்ல படிச்சா அந்த முடிச்சே உனக்குக் கிடையாது. அதனால, வெளியான வரிசையிலயே போ.

முதல் புத்தகத்தை நாவல்னு நெனச்சு உக்காராதே. 1942-லேர்ந்து ‘அஸ்டவுண்டிங்’ பத்திரிகைல வந்த நாலு கதை, அதுக்கு முன்னால புத்தகத்துக்குன்னே எழுதிச் சேர்த்த ஒரு பகுதி, அவ்வளவுதான். பகுதிக்குப் பகுதி ஆள் மாறும், பல வருஷம் ஓடிடும். யார் மேலயும் ரொம்பப் பாசம் வைக்காதே. சண்டையும் கண்ணெதிரே நடக்காது. நாலு பேர் அறையில உக்காந்து பேசியே ராஜ்யத்தைக் கவுப்பாங்க.

முதல் பகுதி இழுக்குதேன்னு மூடி வெச்சுடாதே. ரெண்டாவதுல சால்வர் ஹார்டின் வர்றார். பேரரசோட தூதர் ஒருத்தர் மூக்குப்பொடி போட்டுக்கிட்டே தொல்லியல் பேசுவார், ஆனா எந்த இடத்தையும் நேர்ல போய்ப் பார்த்ததில்ல. பழைய அறிஞர்கள் எழுதினதைப் படிச்சு ஒப்பிட்டாப் போதும்பார். அவர் அஞ்சு நாள் பேசினதைத் தர்க்கக் கணக்குல போட்டு வடிகட்டிப் பார்த்தா, மிச்சம் ஒண்ணுமே இருக்காது! பேரரசு ஏன் சரியுதுன்னு அந்த ஒரு ஆளை வெச்சே சொல்லிடுவார் அசிமோவ்.

எனக்குக் கடுப்பான விஷயம், இந்தப் புத்தகத்துல பொம்பளைங்களையே தேடணும். 1952-ல வந்த ரெண்டாவது புத்தகத்தோட பின்பாதியில பேய்ட்டா வந்தப்புறம்தான் மூச்சு வரும். மொத்தத் தொடர்லயும் உச்சம் அந்த ‘மியூல்’ பகுதிதான். அதுக்கு முன்னாடி விக்கிப்பீடியா பக்கம் எட்டிப் பார்த்தே, அப்புறம் என்கிட்ட அழாதே. 1953-ல வந்த மூணாவதுல ஆர்கடின்னு 14 வயசுப் பொண்ணு கலக்குவா.

மூணோட நிறுத்தலாம், அசிமோவே கிட்டத்தட்ட 30 வருஷம் நிறுத்தித்தான் 1982-ல நாலாவதைக் கொண்டுவந்தார். அதைத் தொடறதுக்கு முன்னாடி ‘தி கேவ்ஸ் ஆஃப் ஸ்டீல்’ படிச்சுடு. துப்பறியும் கதை, சட்டுனு ஓடும். அதுல வர்ற டேனீல்ங்கற ரோபாட் பின்னாடி தேவைப்படுவான்.

2021-ல வந்த டிவி தொடரைப் பார்த்துட்டுதான் கேக்கறேன்னா, அதுல வர்ற குளோன் பேரரசர்களைப் புத்தகத்துல தேடாதே, கிடைக்க மாட்டாங்க.